இரண்டு ஜாபிதாக்களுக்குச் சம்பந்தம்

சம்பந்தம் பேசி முடிப்பது லேசான காரியம் அல்ல என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டு வீட்டுப் பழக்க வழக்கமும் ஒத்துப் போக வேண்டும். பேச்சில் ஒரு வார்த்தை தவறினாலும் மனஸ்தாபம். அப்படிப்பட்ட பொறுப்பை இதுவரை யாரும் என்னிடம் ஒப்படைத்ததில்லை. ஆனால் சென்ற வருஷம் ஒரு சம்பந்தத்தை நானே முன்னின்று நடத்தி வைத்தேன். பெண் வீடும் பிள்ளை வீடும் அல்ல. இரண்டு பெயர் ஜாபிதாக்கள்! கம்ப்யூட்டருக்குள் அவற்றைச் சேர்த்து வைக்கப் புறப்பட்டவள், யாரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சருக்கு எழுபத்தைந்து வயது பூர்த்தியாயிற்று. பழைய மாணவிகள் கூடி ஒரு பாராட்டு விழா நடத்துவது என்று தீர்மானம். கமிட்டி கூடியதும், "நீதான் பத்திரிகை ஆபீசில் இருக்கிறாயே, உனக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் தெரியுமே!" என்று என் பக்கம் திரும்பினார்கள். பத்திரிகை ஆபீசில் இருப்பவளுக்கு உலகத்தில் தெரியாத விஷயமே கிடையாது என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கும் மனம் வரவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டேன்.

என்னிடம் வந்து சேர்ந்தவை இரண்டு ஜாபிதாக்கள். ஒன்று, பள்ளிக்கூடத்துப் பதிவேடு. டீச்சர் வகுப்பாசிரியையாக இருந்த வகுப்புகளில் படித்த 1,240 பெண்களின் சேர்க்கை எண், பெயர், தகப்பனார் இனிஷியல், பிறந்த தேதி, பத்தாம் வகுப்பு முடித்த வருஷம் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் இன்றைய விலாசம் இல்லை. மற்றொன்று, விழாவுக்கு வர விரும்புகிறவர்கள் பூர்த்தி செய்த பாரம். இதில் டெலிபோன் நம்பர் உண்டு, விலாசம் உண்டு. ஆனால் எழுதியவர் நம் பள்ளிக்கூடத்துப் பெண்தானா என்பதற்கு அத்தாட்சி இல்லை. பாரம் வாட்ஸப்பில் ஊரெல்லாம் சுற்றியிருந்தது. பதிவேட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமே அழைப்பு என்று பள்ளிக்கூடத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே இரண்டையும் சம்பந்தப்படுத்தியே ஆகவேண்டும்.

'சம்பந்தம்' என்று நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இந்தச் சாஸ்திரத்துக்கே அதுதான் பெயர். எட்கர் காட் என்று ஓர் இங்கிலாந்துக்காரர். இரண்டாவது உலக யுத்தத்தில் விமானம் ஓட்டியவர். பிறகு அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்தார். பெரிய பெரிய தகவல் களஞ்சியங்களை எப்படி வைத்துக்கொள்வது என்று 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். தகவல்களை எல்லாம் கட்டம் போட்ட அட்டவணைகளாக வை. ஓர் அட்டவணைக்கும் இன்னோர் அட்டவணைக்கும் இடையே உள்ள சம்பந்தத்தை, இரண்டிலும் பொதுவாக இருக்கும் ஒரு கட்டத்தைக் கொண்டு கண்டுபிடித்துக்கொள் என்பது அவர் யோசனையின் சாரம். 1974-ல் அதே கம்பெனியைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்ற இருவர், இப்படிப்பட்ட அட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கென்றே ஒரு பாஷையை வெளியிட்டார்கள். 'சீக்வல்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்கு வேறொரு கம்பெனி ஏற்கெனவே உரிமை கொண்டிருந்ததால், சுருக்கி எஸ்.க்யூ.எல். என்று ஆக்கிக்கொண்டார்கள்.

அந்தப் பாஷை தெரிந்த கணக்குப்பிள்ளைகளில் ஒருவர்தான் மை எஸ்.க்யூ.எல். 'மை' என்றால் 'என்னுடைய' என்று அர்த்தம் என்றுதான் நானும் வெகு நாள் எண்ணியிருந்தேன். இல்லையாம்! அதை உருவாக்கிய பின்லாந்துக்காரர் மைக்கேல் விடேனியஸுடைய மூத்த பெண்ணின் பெயர் மை. 1995-ல் வந்தது அது. பின்னால் அந்தக் கம்பெனி கை மாறியபோது அவர் வேறொன்றை ஆரம்பித்து, இளைய பெண்ணின் பெயரால் 'மரியா டி.பி.' என்று அதை அழைத்தார். பெண்களின் பெயர்களை வைத்துக்கொண்டு திண்டாடிய எனக்கு இந்தச் சமாசாரம் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கணக்குப்பிள்ளையோடு நேரே பேசப் பயப்படுகிறவர்களுக்காக ஒரு ஜன்னலும் உண்டு. பி.எச்.பி. மை அட்மின் என்று அதற்குப் பெயர். 1998-ல் டோபியாஸ் ராட்ஷிலர் என்பவர் ஆரம்பித்து வைத்தது. அட்டவணைகளைக் கண்ணால் பார்க்கலாம், பொத்தானை அழுத்தலாம், கேள்வியை எழுதி அனுப்பலாம். நான் அந்த ஜன்னலண்டை போய் உட்கார்ந்தேன்.

முதல் நாளே சகுனத் தடை. பதிவேட்டை உள்ளே அனுப்பிவிட்டுப் பார்த்தால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகள்! என்னைப் பார்த்து 1,240 பேரும், "நீ யார்?" என்று கேட்பது போல் இருந்தது. ஜன்னலைத் திட்டினேன், கணக்குப்பிள்ளையைத் திட்டினேன், எழுத்து முறையை 'யு.டி.எஃப். எட்டு எம்.பி. நான்கு' என்று மாற்றிப் பார்த்தேன். அசையவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மாமியார், "ஏம்மா, அனுப்பின இடத்தில் நன்றாய் இருந்ததா என்று பார்த்தாயா? அரிசியில் கல் இருந்தால் குக்கரைத் திட்டி என்ன பிரயோஜனம்?" என்றார்.

வாஸ்தவம்! பள்ளிக்கூடத்து குமாஸ்தா எக்ஸலில் தட்டச்சுச் செய்து கொடுத்திருந்தார். அதை நான் சாதாரண சி.எஸ்.வி. ஆகச் சேமித்திருந்தேன். அந்த வகை தமிழ் எழுத்தைத் தாங்காது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிடுகிறது. ஒரு முறை கேள்விக்குறியாக மாறினது மாறினதுதான், திரும்ப எழுத்தாகாது. நல்ல வேளையாக எக்ஸல் மூலம் பத்திரமாக இருந்தது. 'யு.டி.எஃப். எட்டு' என்று குறித்திருக்கும் சி.எஸ்.வி. வகையில் மறுபடி சேமித்து அனுப்பினேன். பெயர்கள் பளிச்சென்று வந்தன. கோளாறு கண்ணில் படும் இடம் வேறு, பிறக்கும் இடம் வேறு என்பது முதல் பாடம்.

இரண்டாவது தடை பாரத்தில் வந்தது. டெலிபோன் மூலம் வந்த பாரங்கள் 291. உள்ளூரில் காகிதத்தில் எழுதிக் கொடுத்தவை 112. இரண்டும் ஒரே மாதிரிக் கட்டங்கள் உள்ளவை; ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டினால் போதும். இதற்கு 'யூனியன்' என்று பெயர். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக உள்ள வரி இரண்டு தடவை வந்தால் யூனியன் தானாகவே ஒன்றை நீக்கிவிடும். நீக்க வேண்டாம் என்றால் 'யூனியன் ஆல்' என்று சொல்ல வேண்டும். அப்படி ஒன்பது வரிகள் நீங்கின. இன்னும் எட்டுப் பேர் இரட்டையாகவே நின்றார்கள். ஏன் என்று உற்றுப் பார்த்தேன். விலாசத்தில் ஒரு கமா, டெலிபோன் நம்பருக்கு நடுவே ஓர் இடைவெளி! இவ்வளவு சின்ன வித்தியாசம் இருந்தாலும் யந்திரத்துக்கு வேறு மனுஷிதான்.

அந்த எட்டையும் கையாலேயே நீக்கிவிடலாம் என்று போனால், ஜன்னல் மறுத்துவிட்டது. 'இந்த அட்டவணையில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் தனிக் கட்டம் இல்லை. ஆகவே திருத்தவும் முடியாது, நீக்கவும் முடியாது' என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை. எனக்குக் கோபம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால், அது சொன்னது நியாயம். ஒரே மாதிரி இரண்டு வரி இருக்கும்போது 'இதை நீக்கு' என்றால் எதை? ரேஷன் கார்டுக்கு ஒரு நம்பர், காஸ் இணைப்புக்கு ஒரு நம்பர் என்று இருப்பதுபோல் ஒவ்வொரு வரிக்கும் தனக்கென்று ஓர் எண் வேண்டும். அதற்குப் 'பிரைமரி கீ' என்று பெயர். தானாகவே எண் ஏறும் கட்டம் ஒன்றைச் சேர்த்தேன். உடனே ஜன்னல் சமாதானமாகி, பொத்தான்களைத் திருப்பிக் கொடுத்தது. எட்டையும் நீக்கினேன். மிச்சம் 386 பாரங்கள்.

இனி முக்கியமான சம்பந்தம். ஒன்றன் கீழ் ஒன்றாக அல்ல, பக்கத்தில் பக்கமாக. பதிவேட்டில் உள்ளவளையும் பாரத்தில் உள்ளவளையும் ஒரே வரியில் நிறுத்த வேண்டும். இதற்கு 'ஜாயின்' என்று பெயர். உற்சாகமாக எழுதி அனுப்பினேன். ஜன்னல் முதல் இருபத்தைந்து வரிகளைக் காட்டி, மொத்தம் எவ்வளவு என்றும் சொல்லிற்று: 4,78,640!

எங்கள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "சாப்பாட்டுக்கு யாரிடம் சொல்லியிருக்கிறாய்?" என்று கேட்டார்.

எந்தக் கட்டம் எந்தக் கட்டத்தோடு ஒத்துப் போக வேண்டும் என்று சொல்லும் 'ஆன்' என்ற பகுதியை நான் எழுத மறந்துவிட்டேன். நிபந்தனை இல்லாவிட்டால், இதில் உள்ள ஒவ்வொருத்தியையும் அதில் உள்ள ஒவ்வொருத்தியோடும் ஜோடி சேர்த்துவிடுகிறது. 1,240-ஐ 386-ஆல் பெருக்கிப் பாருங்கள். கணக்கு மிகச் சரி. தவறு என்னுடையது.

நிபந்தனை எழுதலாம் என்று உட்கார்ந்தபோதுதான் நம் பெண்களின் கதை கண்முன் வந்தது. பெயரும் இனிஷியலும் பொருந்தினால் சரி என்று போட்டேன். வந்தவர்கள் சொற்பம். ஏன் வரமாட்டார்கள்? பள்ளிக்கூடத்தில் எஸ். லலிதா என்று இருந்தவள் கல்யாணத்துக்குப் பிறகு வி. லலிதா. யந்திரத்தைப் பொறுத்தவரை எஸ். லலிதா எங்கேயோ மறைந்துவிட்டாள், வி. லலிதா திடீரென்று முளைத்தாள். சரி, இனிஷியல் வேண்டாம், பெயர் மட்டும் என்றால் நாலு லலிதாக்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். போதாததற்கு ஜெயலக்ஷ்மி, ஜெயலட்சுமி, ஜயலக்ஷ்மி என்று ஒரே அம்மாளுக்கு மூன்று எழுத்து. டெலிபோன் நம்பரை நம்பலாமா என்றால், பதிவேட்டில் அது இல்லை. பாரத்திலும் அக்கா, தங்கை இருவரும் தகப்பனார் நம்பரையே கொடுத்திருந்தார்கள்.

மாறாதது என்னதான் இருக்கிறது? பிறந்த தேதி! கல்யாணமானாலும் ஊர் மாறினாலும் பிறந்த நாள் மாறுமா? குதூகலத்தோடு, பத்தாம் வகுப்பு முடித்த வருஷமும் பிறந்த தேதியும் பொருந்த வேண்டும் என்று நிபந்தனை போட்டேன். வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதிகளைத் திருத்தி அமைத்தேன். வந்த வரிகளில் பெயர்களைக் கண்ணால் ஒத்துப் பார்த்தேன். 349 பேர் கிடைத்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு! பத்திரிகைக்காரியிடம் கொடுத்த வேலை என்றால் சும்மாவா? அவ்வளவு பேருக்கும் அழைப்பு போயிற்று.

விழா பிரமாதமாக நடந்தது. மாலை, மரியாதை, வாழ்த்து மடல் எல்லாம் முடிந்து டீச்சர் காலைத் தொட்டு நமஸ்கரிக்கப் போனேன். என்னை நிமிர்த்தி முகத்தை உற்றுப் பார்த்தார். தெரிந்துகொண்டுவிட்டார். உடனே என் பக்கத்தில் காலி இடத்தைப் பார்த்தார்.

"உன் பக்கத்திலேயே உட்கார்ந்து உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பாளே, அவள் வரவில்லையா?"

கேட்டாரே ஒரு கேள்வி! எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. மூன்று வருஷம் ஒரே பெஞ்சு. நான் கணக்கில் தேறினேன் என்றால் அதில் பாதி அவளுடைய உபகாரம். 2004-ல் பத்தாம் வகுப்பு முடிந்தது. அவள் மேலே படிக்கவில்லை. வீட்டில் வசதி இல்லை. நான் காலேஜுக்குப் போனேன், பத்திரிகையில் சேர்ந்தேன், அவள் எங்கே போனாள் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

"பாரம் அனுப்பவில்லை போலிருக்கிறது, டீச்சர்" என்றேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். இரண்டு பக்கமும் பொருந்துகிறவர்களை மட்டும் தருவது சாதாரண ஜாயின். 'லெஃப்ட் ஜாயின்' என்று இன்னொன்று உண்டு. இடப் பக்கத்து ஜாபிதாவில் ஒருவரையும் விடாது. வலப் பக்கத்தில் ஜோடி கிடைக்காதவர்களுக்கு நேரே 'நல்' என்று எழுதிவைக்கும். நல் என்றால் பூஜ்யம் அல்ல, வெற்றெழுத்தும் அல்ல. 'தகவல் இல்லை' என்று பொருள். பாரத்தை இடப் பக்கமும் பதிவேட்டை வலப் பக்கமும் வைத்து, நல் உள்ளவர்களை மட்டும் காட்டு என்றேன்.

முப்பத்தேழு வரிகள். இருபத்திரண்டாவது வரியில் அவள் இருந்தாள்.

பாரம் அனுப்பியிருக்கிறாள்! பெயர், வருஷம், டெலிபோன் நம்பர், விலாசம் எல்லாம் இருக்கிறது. பிறந்த தேதி மட்டும் வேறு. பதிவேட்டிலும் இருக்கிறாள், பாரத்திலும் இருக்கிறாள், நான் போட்ட நிபந்தனையில்தான் இல்லை.

காலையில் கூப்பிட்டேன். குரல் மாறவே இல்லை.

"ஏண்டி, விழாவுக்கு நீ..." என்று ஆரம்பித்தேன். மேலே பேச வாய் வரவில்லை.

"பாரம் போட்டேனே, பார்க்கலையா? பொண்ணுதான் செல்லில் எழுதிக் கொடுத்தா. அழைப்பு வரும்னு ஒரு புடைவைகூட எடுத்து வச்சிருந்தேன். அப்புறம் போட்டோ எல்லாம் பார்த்தேன். நீ மேடையிலே நின்னே. சரி, பத்தாவதோட நின்னுட்டவளை யார் கூப்பிடப் போறாங்கன்னு விட்டுட்டேன்."

கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். விஷயத்தை விளக்கினேன். பிறந்த தேதி என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அதுவா! பாட்டி என்னைச் சேர்க்கப் போனபோது வயசு பத்தலைன்னு சொல்லிட்டாங்களாம். 'அப்போ வயசு வர்ற மாதிரி ஒரு தேதியைப் போட்டுக்கோங்க'ன்னாளாம் பாட்டி. நான் நிஜமாப் பிறந்த தேதியைத்தானே எழுதினேன்!"

பள்ளிக்கூடத்துத் தேதி ஒன்று, வீட்டுத் தேதி ஒன்று. நம் ஊரில் எத்தனை வீடுகளில் இந்தக் கதை உண்டு! மாறாதது என்று நான் நம்பின ஒரே கட்டத்தின் லட்சணம் இது. முப்பத்தேழு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தேன். ஆறு பேர் வேறு பள்ளிக்கூடத்துப் பெண்கள். தெரியாமல் பாரம் அனுப்பியவர்கள். பாக்கி முப்பத்தொரு பேரும் நம்மவர்களே. அநேகருக்குத் தேதிதான் தகராறு; சிலர் நாளையும் மாதத்தையும் மாற்றி எழுதியிருந்தார்கள். முப்பத்தொரு பேருமே அழைப்பு வராததற்குத் தாங்களே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "நன்கொடை குறைவாகக் கொடுத்தேன், அதனால் என்று நினைத்தேன்" என்றாள். கம்ப்யூட்டர் விட்டுவிட்டது என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

டீச்சரிடம் நேரே போய் ஒப்புக்கொண்டேன். கணங்களின் சேர்ப்பு, வெட்டு என்று கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டுக் கற்பித்தவர் அல்லவா? ஜாயின் என்றால் என்ன என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நடுவில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாயாக்கும்" என்றார். பிறகு, "மிச்சம் எழுதாத வகுத்தலுக்கு நான் மார்க் போட்டதுண்டா?" என்று கேட்டார்.

போட்டதில்லை. ஈவு சரியாக இருந்தாலும் சுழித்துவிடுவார். 349 என்ற ஈவைப் பார்த்து நான் பூரித்துப் போனேன். 37 என்ற மிச்சத்தை எழுதவே இல்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக் கூடத்தில் இன்னொரு சின்ன விழா. மேடை இல்லை, மாலை இல்லை, கேசரியும் காபியும்தான். முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர் வந்தார்கள். என் தோழி அந்த எடுத்து வைத்த புடைவையைக் கட்டிக்கொண்டு, தன் பெண்ணையும் அழைத்து வந்தாள். டீச்சர் அவளைத் தம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

இப்போதெல்லாம் ஆபீசிலோ சங்கத்திலோ இரண்டு ஜாபிதாக்களைச் சேர்க்க வேண்டி வந்தால், முதலில் இரண்டுக்கும் நகல் எடுத்து வைக்கிறேன். பிறகு, சேர்ந்தவர்களை எண்ணுவதற்கு முன்னால் சேராதவர்களை எண்ணுகிறேன். இரு பக்கமும் லெஃப்ட் ஜாயின் போட்டு, 'நல்' வந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். நேரம் பிடிக்கிறது, ஆனால் அந்த வரிகளில்தான் ஆட்கள் காத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

எங்கள் சங்கத்து ஜாபிதாவில் ஒரு கட்டம் புதிதாகக் கூடியிருக்கிறது: 'வீட்டில் சொல்லும் பிறந்த தேதி'. என் தோழியின் வரியில் அதை நானே நிரப்பினேன். எந்த வரியில் எழுத வேண்டும் என்று சொல்லும் 'வேர்' என்ற வார்த்தையைப் போட்டேனா என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன். அது விட்டுப் போனால் ஜாபிதாவில் உள்ள அத்தனை பேரும் ஒரே நாளில் பிறந்தவர்களாகிவிடுவார்கள். அப்புறம் டீச்சர் முகத்தில் எப்படி விழிப்பது?